நோயில்லாதவனைத் தேடிப் போனவள்

என் அண்ணியால் சிரித்துப் பேசிக்கொண்டே ஒருவரை வெறுக்க முடியும். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பாள், குழம்புக்கு உப்புப் பார்ப்பாள், வாசலில் போகிறவரிடம் நலம் விசாரிப்பாள். வெறுப்பு அது பாட்டுக்கு உள்ளே இருக்கும். மற்றவர்களுக்குக் கோபம் வந்து போகும். அவளுக்கு வந்தது தங்கிவிட்டது.

அண்ணன் செருப்பு ஆலையில் பசைக் கூடத்தில் வேலை செய்தான். அடிப்பாகத்துக்குப் பசை தடவி மேல்பாகத்தோடு ஒட்டுகிற இடம் அது. நான் அதே ஆலையில் சுவருக்கு இந்தப் பக்கம், தையல் கூடத்தில். பசைக் கூடத்துக் கதவு திறந்தால் எங்களுக்குக் கண் எரியும். அங்கேயே நிற்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று நாங்கள் கேட்டுக்கொண்டதில்லை. முதலில் அண்ணனின் கைகளில் நீலத் திட்டுகள் வந்தன. அடிபட்ட இடம் என்று நினைத்தோம். பிறகு பல் துலக்கினால் ரத்தம். பிறகு விடாத காய்ச்சல். ரத்தத்தில் வந்த நோய் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னபோது அவன் பாதி ஆளாகியிருந்தான். மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டான்.

அவனுடைய பெட்டியில் இருந்த சாமான்களை வாங்க நானும் அண்ணியும் ஆலைக்குப் போனோம். பசைக் கூடத்து சூப்பர்வைசர் எடுத்துக் கொடுத்தார். அவருக்கு ஆலையில் மூக்கடைப்பு என்று பெயர். யாராவது நெடி தாங்கவில்லை என்று சொன்னால், "எனக்கு ஒண்ணும் வாசனை வரலையே" என்பார். அதனால் வந்த பெயர். அவர் நின்றது எப்போதும் வாசற்படி ஓரமாக, காற்றாடிக்குக் கீழே.

அண்ணி கேட்டாள். "பசையாலதான் வந்துச்சுன்னு சொல்றாங்களே சார்?"

"யாரு சொல்றா? இந்தக் கூடத்துல எத்தனை பேரு நிக்கிறான், பாத்தியா? அவனுக்கெல்லாம் வரலையே. ஒருத்தனுக்கு வந்தா அதுக்குப் பசை என்னம்மா பண்ணும்? உங்க வீட்டு ரத்தம் அப்படி." பிறகு என்னைப் பார்த்தார். "தங்கச்சியையும் ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டி வச்சுக்கோங்க. நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அண்ணி அவருக்கு நன்றி சொன்னாள். உண்மையாகவே சொன்னாள், கை கூப்பி. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது மட்டும், "ஒருத்தனுக்கு வந்தா சொல்ல முடியாதாம். எத்தனை பேருக்கு வந்தா சொல்லலாமாம்?" என்றாள். அண்ணனின் டிபன் பாக்ஸ் என் கையில் இருந்தது. பஸ் வந்தது, ஏறினோம்.

அந்தக் கேள்வியையே கேட்டுக்கொண்டு அடுத்த வருடம் சிலர் எங்கள் பகுதிக்கு வந்தார்கள். மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு பெரிய டாக்டர், அவரோடு புள்ளியியல் படித்த ஒரு பெண். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துவிட்டு வீடெங்கும் அதைத் தேடுகிற பெண். தெருவில் எல்லோரும் அவளைக் கணக்கம்மா என்றார்கள். அவர்கள் செய்ய வந்தது பின்தொடர் ஆய்வு. குறிப்பிட்ட சில வருடங்களில் ஆலையில் சேர்ந்த அத்தனை பேரையும் எடுத்துக்கொள்வது. பசைக் கூடத்தில் நின்றவர்கள் ஒரு கூட்டம், தையல் கூடத்தில் உட்கார்ந்தவர்கள் இன்னொரு கூட்டம். அவர்கள் வேலையை விட்டாலும் வீடு மாறினாலும் வருடா வருடம் தேடிப் போய், ரத்தம் எடுத்து, உடம்பைப் பற்றிக் கேட்பது. செத்துப்போனவர்கள் எதனால் செத்தார்கள் என்று விசாரிப்பது. கடைசியில் எந்தக் கூட்டத்தில் நோய் அதிகம் என்று பார்ப்பது. அவ்வளவுதான்.

ஆட்களைத் தேட சந்து பொந்து தெரிந்த ஒருவர் வேண்டியிருந்தது. அண்ணி போய் நின்றாள். பெரிய டாக்டர் தயங்கினார்.

"உங்க வீட்டுக்காரரே இதுல ஒருத்தர். உங்களுக்கு ஒரு பக்கம் சாயத் தோணாதா?"

"தோணும் சார்," என்றாள் அண்ணி.

கணக்கம்மா சிரித்துவிட்டாள். "இருக்கட்டும் சார். ரத்தக் குப்பியில வெறும் நம்பர்தான் இருக்கும். எந்தக் கூடம்னு சோதனை பண்றவங்களுக்கே தெரியாது. அக்கா சாய்ஞ்சாலும் ரத்தம் சாயாது."

அப்படித்தான் அண்ணி வேலைக்குச் சேர்ந்தாள். ஐஸ் வைத்த ஒரு பெட்டி, ஊசி போடுகிற நர்ஸ் ஒருத்தி, இரண்டு பேரும் காலையில் கிளம்புவார்கள். கொஞ்ச நாளில் அவளுக்கு ரத்தக்காரம்மா என்று பெயர் விழுந்தது. அவள் தலை தெரிந்தால் திண்டாட்டம்தான். "ஏய், ரத்தக்காரம்மா வருது, கையை உள்ள வச்சுக்கோ" என்று கிண்டல் செய்வார்கள். அவளும் விடமாட்டாள். "உன் உடம்புல எடுக்க என்ன இருக்கு, கொசுவே பட்டினியா போகுது" என்பாள்.

நானும் அந்த ஆய்வில் ஓர் ஆள். தையல் கூடம். ஒரே வீட்டில், ஒரே பாயில் படுக்கிற எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, "உங்களுக்குப் போன வருஷத்துல காரணமில்லாம காய்ச்சல் வந்துச்சா? ஈறுல ரத்தம் கசிஞ்சுதா? உடம்புல நீலம் தட்டுச்சா?" என்று மரியாதையாகக் கேட்பாள். நான் சிரித்தால், "நாத்தனாரே, ஒழுங்கா பதில் சொல்லுங்க. இல்லன்னா ஒத்துழைக்க மறுத்தார்னு எழுதிடுவேன்" என்பாள்.

ஆனால் அவள் பார்வை நோயாளிகள் மேல்தான் இருந்தது. பசைக் கூடத்தில் நின்றவர் யாராவது படுத்துவிட்டார் என்று காதில் விழுந்தால் போதும், ஆறு தாண்டியும் போவாள். பசை கலக்கிக்கொண்டிருந்த ஒருவர் மாநில எல்லை தாண்டி மகள் வீட்டில் கிடப்பதாகக் கேள்விப்பட்டு, இரண்டு பஸ் மாறி, கடைசியில் ஒரு செங்கல் லாரியில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்ததை மகிழ்ச்சி என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதுதான். "அவருக்கும் அதேதான். அதே நீலம், அதே காய்ச்சல்" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

நன்றாக இருப்பவர்கள் வீடு பூட்டியிருந்தால் திரும்பி வந்துவிடுவாள். மறுபடி போகமாட்டாள்.

மூன்றாம் வருடம் கணக்கம்மா அவளைக் கூப்பிட்டு அனுப்பினாள். ஆய்வுக்கு வைத்திருந்த அறை கிளினிக்குக்குப் பின்னால், மருந்துப் பெட்டிகள் அடுக்கிய இடத்தில் இருந்தது. அன்று எனக்கு விடுமுறை. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன்.

"அக்கா, பசைக் கூடத்துல காணாம போனவங்க நிறைய இருக்காங்க. தையல் கூடத்துலயும்தான்."

"வீடு மாறிட்டாங்க."

"நோய் வந்தவங்களும் வீடு மாறியிருக்காங்க. அவங்களை மட்டும் எப்படி கண்டுபிடிச்சீங்க?"

அண்ணி ஐஸ் பெட்டியின் மூடியைச் சரிசெய்தாள்.

"நோயாளிய மட்டும் தேடிப் போனா அதுக்குப் பேரு ஆய்வு இல்லக்கா, ஒப்பாரி," என்றாள் கணக்கம்மா. சத்தமாகச் சொல்லவில்லை. "கடைசியில அரசாங்கத்து விசாரணைக் குழு முன்னால இதை வைக்கணும். ஆலைக்காரங்க அதுக்கு ஒரு நிபுணரை வச்சிருக்காங்க. அவர் கேக்கப் போற முதல் கேள்வி இதுதான். 'நீங்க பாக்காத ஆளுங்க எல்லாம் கல்லு மாதிரி இருக்காங்க, அவங்களைச் சேத்தா உங்க கணக்கு என்ன ஆகும்?' அப்படின்னு கேப்பார். அப்ப நாம வாயை மூடிட்டு எழுந்து வரணும்."

"அப்ப அவன் சொன்னதுதான் கடைசியா நிக்கும்," என்றாள் அண்ணி.

யார், என்ன சொன்னான் என்று கணக்கம்மா கேட்கவில்லை. மூக்கடைப்பு சொன்ன 'உங்க வீட்டு ரத்தம்' அவளுக்கும் தெரியும் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு அண்ணி தேடியதெல்லாம் நோயில்லாதவர்களை. அதுபோல ஒரு கொடுமையான வேலை அவளுக்கு இருந்திருக்க முடியாது. சந்தையில் மூட்டை தூக்குகிற ஒருவர், மீன் விற்கிற ஒருவர், மூன்று பிள்ளை பெற்று நான்காவதைச் சுமக்கிற ஒருத்தி. எல்லோரும் அண்ணன் நின்ற மேஜைக்கு முன்னும் பின்னும் நின்று பசை தடவியவர்கள். எல்லோரும் நன்றாக இருந்தார்கள். "நல்லா இருக்கேன்மா, ஒரு தலைவலி கூட கிடையாது" என்று அவர்கள் சொல்ல, "ரொம்ப சந்தோஷம்" என்று இவள் சொல்ல, நர்ஸ் ஊசி குத்துவாள். வீட்டுக்கு வந்து அண்ணி பாத்திரம் துலக்கினால் கரி மட்டுமில்லை, பாத்திரமே தேய்ந்துவிடும்.

"ஒவ்வொருத்தன் நல்லா இருக்கும்போதும் எனக்கு ஒரு அடி விழுது," என்றாள் ஒரு நாள். "ஆனா வாங்கித்தான் ஆகணும். வாங்காம அந்த மூக்கடைப்பை அடிக்க முடியாது."

அப்போதுதான் அந்த விஷயம் தெரிய வந்தது. பசைக் கூடத்துப் பழைய ஆட்களில் சிலர் வேண்டுமென்றே கதவைத் திறக்கவில்லை. மூட்டை தூக்குகிறவர்தான் உளறினார்.

"எனக்கும் சொன்னாங்கம்மா, பேச வேணாம்னு. விசாரணைக் குழு உக்காரும்போது எங்களை வரிசையா கொண்டு போய் நிறுத்துவாங்களாம். 'நாங்க பசைக் கூடத்துலதான் இருந்தோம், நல்லா இருக்கோம், இந்த ஆய்வுக்காரங்க எங்க கிட்ட வரவே இல்ல'ன்னு சொல்லணுமாம்."

"யாரு சொன்னது?"

"வேற யாரு. வாசனை வராத ஆளுதான்."

மூக்கடைப்பு ஓய்வு பெற்ற பிறகும் ஆலைக்காக உழைத்துக்கொண்டிருந்தார். அண்ணிக்கு அது வேறு யாரும் தராத தெம்பைத் தந்தது. ஒளிந்தவர்களை ஒவ்வொருவராகப் பிடித்தாள். ஒருவரை அவர் மாமியார் மூலமாக, இன்னொருவரை முடி வெட்டுகிற கடையில் பாதி தலையோடு. நாற்காலியை விட்டு எழுந்து ஓட முடியாதே. "சும்மா ரெண்டு கேள்விதான் அண்ணே, அவர் மீதிப் பாதிய வெட்டி முடிக்கிறதுக்குள்ள ஆயிடும்" என்றாளாம். விருப்பமிருந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம் என்பதையும் முறைப்படி சொன்னாளாம். பாதித் தலையோடு அவர் சம்மதித்தார்.

கடைசியில் மீதி இருந்தது மூக்கடைப்பு ஒருவர். சூப்பர்வைசராக இருந்தாலும் பசைக் கூடத்தின் ஆள்தான். அவர் வீட்டு வாசலுக்கு நானும் ஒரு முறை போனேன். அவர் மனைவி கதவைக் கொஞ்சமாகத் திறந்தார்.

"அவர் ஊர்ல இல்லையே."

உள்ளே யாரோ அடுக்காகத் தும்மினார்கள்.

"ஊர்ல இல்லாதவர் நல்லாத்தான் தும்முறார்," என்றாள் அண்ணி. கதவு மூடிக்கொண்டது.

"விடுங்கக்கா, மறுத்துட்டார்னு எழுதிக்கலாம்," என்று கணக்கம்மா சொன்னாள். "ஒருத்தர்தானே."

அண்ணிக்கு அந்த ஒருத்தர்தான் எல்லாம். அவரைப் பார்க்காமல் விட்டால் பசைக் கூடத்தில் நலமாக இருக்கிறவன் ஒருவன் குறைவான். அவளுக்கு அது லாபம்தான். ஆனால் விசாரணைக் குழுவின் முன்னால் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு அவர் வந்து நின்று, "என் கிட்ட வரவே இல்லை" என்று சொல்வார். அந்தக் காட்சியை அவள் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியும். பேசிக்கொண்டே இருப்பவள் நடுவில் நின்றுவிடுவாள்.

விசாரணைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது என்னிடம் ரத்தம் எடுக்க அவள் நர்ஸோடு ஆலை வாசலுக்கு வந்தாள். சாப்பாட்டு நேரம். என் பக்கத்து மெஷின்காரி எங்களோடு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அக்கா மகனுக்கும் மூக்கடைப்பின் மகளுக்கும் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். முடிவாகிற நேரம். இதை அண்ணிக்குச் சொன்னது நான்தான், சாதாரணமாக, வேறு எதையோ பேசும்போது.

"எல்லாம் முடிஞ்சிடுச்சா உங்க வேலை?" என்று மெஷின்காரி கேட்டாள்.

"முடிஞ்ச மாதிரிதான். எல்லாரும் ரத்தம் குடுத்துட்டாங்க." அண்ணி வழக்கத்தைவிடக் கொஞ்சம் உரக்கப் பேசுவதைக் கவனித்தேன். "ஒருத்தர்தான் குடுக்க மாட்டேங்கிறார். கதவையே திறக்கறதில்ல. என்ன பயமோ. நமக்கெதுக்கு."

"யாரு?"

"பேர் சொல்லக் கூடாது, எங்க வேலையில அது தப்பு." என் முழங்கையில் பஞ்சை வைத்து அழுத்தினாள். "அந்தக் கூடத்துக்கே மேல இருந்தவர். பாவம், பொண்ணு வேற இருக்கு. அப்பா உடம்புல என்ன இருக்குன்னு தெரியாம யாரு பொண்ணு எடுப்பாங்க. ரத்தம் வழியா வர்றதுன்னு சில பேர் நம்புறாங்க. நான் நம்பறதில்ல."

மெஷின்காரி வாயில் வைத்த கவளத்தை மெல்லவில்லை.

நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் குப்பியில் நம்பர் எழுதினாள்.

மூன்றாம் நாள் காலையில் மூக்கடைப்பு கிளினிக்குக்கு வந்தார். மனைவி ஒரு பக்கம், மாப்பிள்ளையின் அப்பா ஒரு பக்கம். உட்காரும் முன்பே சட்டைக் கையைச் சுருட்டிவிட்டார்.

"எடுங்க. எவ்வளவு வேணுமோ எடுங்க. எனக்கு என்னன்னு எழுத்துல வேணும்."

பெரிய டாக்டர் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டாராம். "யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினாங்களா? இஷ்டமில்லன்னா இப்பவும் போகலாம்."

"என்னை யாரு சார் கட்டாயப்படுத்துவா? ஒரு குப்பி போதுமா? இன்னொரு கையும் இருக்கு." வெளியே இருந்த எங்களுக்கே கேட்டது.

சாயங்காலம் முடிவு வந்தது, ரத்தம் சுத்தமாக இருந்தது. காகிதத்தை வாங்கிக்கொண்டவர் நேராக அண்ணியிடம் வந்து நீட்டினார். "பாத்தியா? ஒரு குறை கிடையாது."

"சந்தோஷம் சார். உக்காருங்க, கேள்வி பாக்கி இருக்கு. காரணமில்லாம காய்ச்சல் வந்துச்சா?"

அவர் எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று சொன்னார். மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

ஆலை வாசல் பேச்சு எப்படியோ கணக்கம்மாவின் காதுக்குப் போய்விட்டது. மூக்கடைப்பு போனதும் அண்ணியை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். நான் அந்தப் பக்கம் நின்றேன்.

"நீங்க பேர் சொல்லலக்கா, ஆனா சொல்லிட்டீங்க. அவர் குடும்பத்தோட சோத்துல மண்ணைப் போடப் பாத்திருக்கீங்க. இன்னொரு தடவை இப்படி நடந்தா நானே உங்களை நிறுத்திடுவேன்."

"சரி," என்றாள் அண்ணி. பிறகு, "ஒண்ணு கேக்கலாமா? அவன் வாசற்படியிலதான் நின்னான், காத்தாடிக்கு அடியில. ஒரு நாள் பசையைத் தொட்டதில்ல. அவனைத் தையல் கூடத்துக் கணக்குல சேத்துடுங்களேன்" என்றாள்.

"முடியாது. சேரும்போது எந்தக் கூடமோ அதே கூடம்தான். ஆள் நல்லா இருக்கார்னு தெரிஞ்ச பிறகு இடம் மாத்தினா, நானும் நீங்களும் அவரும் ஒண்ணுதான்."

அண்ணி வெளியே வந்தபோது அவள் முகத்தில் வருத்தம் இருந்தது. திட்டு வாங்கியதற்காக அல்ல. மூக்கடைப்பு நன்றாக இருப்பதற்காக.

விசாரணைக் குழு ஒரு பள்ளிக்கூடத்துக் கூடத்தில் உட்கார்ந்தது. ஆலையின் நிபுணர் கோட்டுப் போட்டு வந்திருந்தார். எதிர்பார்த்த மாதிரியே முதலில் கேட்டது, பசைக் கூடத்தில் நலமாக இருக்கும் எத்தனை பேரை விட்டுவிட்டீர்கள் என்று.

"யாரையும் விடல," என்றாள் கணக்கம்மா. கண்ணாடி தலையில் இருந்தது. "பசைக் கூடத்துல பெரும்பாலானவங்க நல்லாத்தான் இருக்காங்க. அவங்களையும் சேத்துதான் சொல்றேன். அப்படியும் அங்க நின்னவங்களுக்கு இந்த நோய் தையல் கூடத்தைவிட நாலு மடங்கு வந்திருக்கு. ஒருத்தருக்கு ஏன் வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது. கூட்டத்துக்கு ஏன் வந்துச்சுன்னு சொல்ல முடியும்."

நிபுணர் திரும்பி மூக்கடைப்பைப் பார்த்தார். தேய்த்த சட்டையோடு முன் வரிசையில் இருந்தார். எழுந்து சொல்ல வேண்டியதை அவரால் சொல்ல முடியவில்லை. ரத்தம் கொடுத்ததைத் தெருவெல்லாம் காகிதத்தைக் காட்டிச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் வேறு பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்க வாக்குமூலம்?" என்று குழுத் தலைவர் கேட்டார்.

"என் கிட்ட வந்தாங்க," என்றார் அவர். உட்கார்ந்துவிட்டார்.

அந்த வருடமே ஆலையில் பசை மாறியது. காரணம் ஏதும் சொல்லவில்லை, வேறு நிறப் பீப்பாய்கள் வந்து இறங்கின. கூரையில் துளை போட்டுப் பெரிய காற்றாடிகள் வைத்தார்கள். மூக்கடைப்பின் மகளுக்குக் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. தெருவில் சிலர் அண்ணியிடம், "ஜெயிச்சுட்டியேம்மா, இனி நிம்மதியா இரு" என்றார்கள். அவளும் தலையாட்டினாள்.

ஆனால் பின்தொடர் ஆய்வு குழுவோடு முடிவதில்லை. இந்த நோய் பசையை விட்டுப் பல வருடம் கழித்தும் வரலாம், அதனால் இன்னும் பல வருடம் பார்க்க வேண்டும் என்று பெரிய டாக்டர் சொன்னார். அண்ணி அதை ஆய்வில் இருந்த எல்லோர் வீட்டிலும் அப்படியே சொன்னாள். ஒரு வீட்டில் மட்டும் கொஞ்சம் மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

போன மாதம் அந்த வீட்டுக்கு நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். இப்போது கதவு உடனே திறக்கிறது. மூக்கடைப்பு தாமே நாற்காலி எடுத்துப் போடுகிறார். நர்ஸ் ரத்தம் எடுத்து முடித்ததும் அண்ணி ஆரம்பித்தாள்.

"காரணமில்லாம காய்ச்சல்?"

"இல்ல. ரெண்டு நாள் சளி இருந்துச்சு. அது காய்ச்சலாம்மா?"

"நீங்கதான் சொல்லணும் சார். ஈறுல ரத்தம்?"

"பிரஷ் புதுசு. அதனால கொஞ்சம் இருந்திருக்கலாம்."

"உடம்புல நீலம்?"

அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு கைலியை முழங்காலுக்கு மேல் ஏற்றினார். தொடையில் ஒரு திட்டு, பழுத்த நாவல் பழ நிறத்தில்.

"மேஜை முனையில இடிச்சுது," என்றார்.

அண்ணி குனிந்து பார்த்தாள். பார்க்க வேண்டியதைவிட அதிக நேரம் பார்த்தாள். "மேஜையிலதான் இடிச்சீங்களா? ஞாபகம் இருக்கா?"

"இடிச்சேன். இடிச்சிருப்பேன்."

"ரெண்டுல எதை எழுதட்டும்?"

அவர் கைலியை இறக்கிவிட்டார். அண்ணி ஏதோ எழுதினாள். என்ன எழுதுகிறாள் என்று அவர் தலையை நீட்டிப் பார்த்தார், தெரியவில்லை.

வாசல் வரை அவர் மனைவி கூடவே வந்தார். "ஏம்மா, ரத்தத்தைப் பத்தி எப்ப சொல்லுவீங்க? அடுத்த மாசமே ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போக முடியுமா? இவர் தூங்கறதே இல்ல. விளக்கைப் போட்டுக்கிட்டு கையையும் காலையும் பாத்துக்கிட்டே இருக்கார்."

"ரத்தத்துல ஏதாவது இருந்தா டாக்டரே கூப்பிடுவாங்க. பயமா இருந்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க," என்றாள் அண்ணி, அன்பாகவே. "எங்க முறை வருஷத்துக்கு ஒரு தடவைதாங்க."

தெருமுனை வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். அவர் வாசலுக்கு வந்து, வெளிச்சத்தில் காலைத் தூக்கி வைத்து, அந்த இடத்தை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிக்கிறானா?" என்றாள் அண்ணி.

"நிக்கிறார்."

"சரி, வா. இன்னும் நாலு வீடு இருக்கு."